பசி வருஷத்துக் கோழி

"அம்மா, அப்பா செத்துப்போன பிள்ளைங்கல்லாம் கையத் தூக்குங்கன்னு டீச்சர் சொன்னாங்க. நான் தூக்கணுமா, வேண்டாமா?"

தலாந்திரா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது இருக்கும். தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு குவளை சோயாக் கஞ்சி கொடுத்தார்கள். கஞ்சிக்காகக் கேட்டாளா, தெரியாமல்தான் கேட்டாளா என்று தாய் எலுபிக்கு விளங்கவில்லை. அடுப்பில் மக்காச்சோளக் களி கொதித்துக்கொண்டிருந்தது. துடுப்பைப் பிடித்திருந்த அவள் கை நின்றுபோனது.

"நீ என்ன பண்ணின?"

"பாதி தூக்கினேன்."

எலுபி மறுபடி களியைக் கிளறினாள். அவள் புருஷன் லேசன் மலையடிவாரச் சிறையில், தூக்குக் கைதிகளின் வரிசையில் இருந்தான். தூக்கு ஓலையில் ஜனாதிபதி கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தாழ்ப்பாள் சத்தம் கேட்கும்போதெல்லாம் தன்னைத்தான் கூப்பிட வருகிறார்கள் என்று அந்த வரிசையில் இருந்த எல்லோருக்கும் தோன்றும். அப்படி இருக்கிறவனை உயிரோடு இருக்கிறவன் என்பதா, செத்தவன் என்பதா? குழந்தை கையைப் பாதி தூக்கியதில் தப்பு சொல்ல முடியாது.

எல்லாம் பசி வருஷத்தில் நடந்தது. அந்த வருஷம் குதிர்களில் எலிகூட இல்லை. வயலில் கதிர் பால் பிடிப்பதற்குள் ஜனங்கள் திருடித் தின்ன ஆரம்பித்தார்கள். எல்லோரும் திருடினார்கள், எல்லோரும் காவல் காத்தார்கள். பனி விலகாத ஒரு விடியற்காலையில் லேசன் தன் வயலில் தட்டை முறியும் சத்தம் கேட்டு மண்வெட்டிக் காம்பை வீசி அடித்தான். கிட்டே போய்ப் பார்த்தால் மூன்று வீடு தள்ளி இருக்கும் பைசோன் கிடந்தான். விதவை நாம்வாலேயின் கடைசி மகன். சட்டைக்குள் பச்சைக் கதிர்கள்.

லேசன் அவனைச் சைக்கிளின் பின்னால் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினான். வழியெல்லாம் "பெப்பானி, பெப்பானி" என்று அழுதுகொண்டே போனதைப் பார்த்தவர்கள் உண்டு. பாதி வழியிலேயே பைசோனின் தலை தொங்கிவிட்டது.

பெப்பானி. அந்த ஊர்ப் பேச்சில் அது ஒரே சொல்தான். தடுக்கி விழுந்தவனைப் பார்த்து அதைச் சொல்வார்கள், எழவு வீட்டில் சொல்வார்கள், காலை மிதித்துவிட்டாலும் சொல்வார்கள். 'ஐயோ பாவம்' என்பதும் 'மன்னித்துவிடு' என்பதும் அதற்குள் ஒன்றாகக் கிடக்கும். கோர்ட்டில் பேச்சு இங்கிலீஷில் நடந்தது. மொழிபெயர்த்தவருக்கு அவசரம். 'தன் குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டான்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதோடு விட்டதா? எழவு விழுந்த வீட்டுக்கு ஆறுதல் காணிக்கை கொண்டுபோவது அங்கே வழக்கம். சிப்பெப்பெசோ என்பார்கள். எலுபியும் வீட்டில் மிச்சமிருந்த மாவை ஒரு கூடையில் போட்டு, கடைசியாக இருந்த கோழியையும் கட்டி, நாம்வாலேயின் வாசலில் மண்டியிட்டு வைத்துவிட்டு வந்தாள். அது கோர்ட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

"காணிக்கை கொண்டுவந்தார்களா?" என்று அரசாங்க வக்கீல் கேட்டார்.

"கொண்டுவந்தாங்க" என்றாள் நாம்வாலே. மேற்கொண்டு யாரும் எதையும் கேட்கவில்லை.

குற்றமில்லாதவர்கள் எதற்குக் கூடை கொண்டுவரப் போகிறார்கள் என்று ஜூரி நினைத்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொலைக்குச் சட்டத்தில் ஒரே தண்டனைதான் இருக்கிறது, பசியைப் பற்றியோ இந்த மனிதனைப் பற்றியோ கேட்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார். பிறகு தூக்கு என்று படித்தார்.

அன்று முதல் எலுபியின் மனதில் ஒரு எண்ணம் உட்கார்ந்துவிட்டது. கயிறு திரித்தவள் நான்தான், என் கூடைதான் அவரைத் தூக்குமேடைக்கு அனுப்பியது என்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் பாவத்தை நினைத்துத் தலை குனியும்போது அவள் அந்தக் கூடையைத்தான் நினைப்பாள்.

போதாததற்கு நாம்வாலேயின் அண்ணன் குவாசா வேறு. தாய்மாமன் சொல்லே சட்டமாக இருக்கிற ஊர் அது. "என் தங்கச்சி அந்தக் கூடைய அப்படியே ஆத்துல வீசிட்டா. கொலைகாரன் கோழி எங்க வீட்டுப் பானையில வேகாது!" என்று சாராயக்கடையில் சொல்லுவார், சாவு வீட்டில் சொல்லுவார். எலுபியைக் கண்டால் இன்னும் உரக்கச் சொல்லுவார். "வீட்டோட வந்த மாப்பிள்ளை, நம்ம ஊர்ப் பிள்ளையக் கொன்னுட்டு உள்ள உக்காந்து அரசாங்கக் களி திங்கிறான்!"

தலாந்திரா வளர்ந்து, பள்ளியை விட்டு, தையல் கற்றுக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பெயர் மடாலோ. ஏழைக் கைதிகளுக்கு உதவும் ஒரு சங்கத்தின் ஊழியை. உடம்பெல்லாம் செம்மண் புழுதி. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள்.

"எலுபி அக்கா, உங்க வீட்டுக்காரர் கேஸ மறுபடி விசாரிக்கப் போறாங்க. குத்தம் செஞ்சாரா இல்லையான்னு இல்ல, அது முடிஞ்சுபோன கதை. என்ன தண்டனைங்கிறத மட்டும்."

"அதான் தெரியுமே. கயிறு."

"கயிறு மட்டும்தான்னு இருந்தது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்க்கா. கொலைன்னா வேற கதவே கிடையாது. ஆனா பழைய ஆட்சி போனப்ப நாட்டுக்கே பெரிய சட்டம் ஒண்ணு எழுதினாங்கல்ல, அரசியல் சாசனம்? அதுல யாரையும் மனுசத்தனம் இல்லாம நடத்தக் கூடாதுன்னு இருக்கு. ஒருத்தன் எப்படிப்பட்டவன், ஏன் செஞ்சான்னு ஒரு வார்த்தை கேக்காம கயித்துல தொங்கவிடுறது மனுசத்தனமான்னு ஒரு கைதி கேட்டாரு. இல்லதான்னு நீதிபதிங்க சொல்லிட்டாங்க. பழைய தண்டனையெல்லாம் திரும்பப் பாக்கணும்னு ஆயிடுச்சு."

எலுபி தண்ணீர்க் குவளையை வாங்கி வைத்தாள். "அந்தப் பெரிய சட்டத்த எப்ப எழுதினாங்க?"

"நான் கைக்குழந்தையா இருந்தப்ப."

"அப்ப எங்க கேஸுக்கு முன்னாடியே!"

"ஆமாக்கா."

"இருந்தும் அந்த ஐயா எனக்கு அதிகாரமில்லன்னு கண்ணாடியத் தொடச்சாரே? யாரும் படிக்கலையா?"

"படிச்சாங்க. ரெண்டு புத்தகமும் ஒரே அலமாரியிலதான் இருந்துச்சு. ஒண்ண எடுத்து இன்னொண்ணு பக்கத்துல வச்சு, இது அதுக்குப் பொருந்துதான்னு யாரும் கேக்கல."

"சரி, அந்தக் கைதி எப்பக் கேட்டாரு?"

மடாலோ தலையைக் குனிந்துகொண்டாள். "அது ஆச்சு, ஏழெட்டு வருஷம்."

"ஏழெட்டு வருஷமா அந்தத் தீர்ப்பு எங்க ஊர் பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நின்னுச்சோ?" என்றாள் எலுபி. மூலையில் தைத்துக்கொண்டிருந்த தலாந்திராவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது.

மடாலோ குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. செத்தவரோட சொந்தக்காரங்க மனசு ஆறிடுச்சான்னு நீதிபதி பாப்பாரு. நீங்க சிப்பெப்பெசோ கொண்டுபோனது பழைய தீர்ப்புலயே இருக்கு. அத அவங்க ஏத்துக்கிட்டாங்கன்னா பெரிய பலம். இல்லன்னா கயிறு போனாலும் ஆயுசு முழுக்க உள்ளதான். அவருக்கு வேற நெஞ்சு சரியில்ல. இருமறாரு. ரொம்ப நாள் தாங்க மாட்டாருக்கா."

"அந்தக் கூடைதான அவரக் கட்டிப்போட்டது?"

"இப்ப அதுதான் அவிழ்க்கும்."

"ஏத்துக்கல" என்றாள் எலுபி. "ஆத்துல போட்டுட்டாங்க."

மறுநாள் காலை கோயில் மணி அடித்ததும் எலுபி நாம்வாலேயின் வாசலுக்குப் போனாள். கூடை வைத்த நாளுக்குப் பிறகு அந்த முற்றத்தில் அவள் கால் வைத்ததில்லை. கிழவி கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்கு வந்தேன்னு தெரியும். அந்த மோட்டார் சைக்கிள் பொண்ணு நேத்தே வந்துட்டுப் போயிட்டா. நிக்காத, உக்காரு. உக்காந்தா சும்மா உக்காராத, கடலைய உரி."

எலுபி உட்கார்ந்து உரித்தாள்.

"அம்மா, நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வரல. எந்த முகத்தோட கேப்பேன்? அவரு உங்க மேல பகை வச்சு அடிக்கலைன்னு ஒரு வார்த்தை..."

"என் மகன் தலை பொளந்து கிடந்தான். பகை வச்சு அடிச்சாலும் தூக்கக் கலக்கத்துல அடிச்சாலும் தலை ஒரே மாதிரிதான் பொளக்குது."

எலுபி கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்தாள்.

"எங்க ஓடற?" என்றாள் கிழவி. "நான் உள்ளத ஒரு வார்த்தை சொன்னா என் அண்ணன் என்னத் திரும்பிப் பாக்க மாட்டாரு. பேரப் பிள்ளைங்க பட்டணத்துக்குப் பிழைக்கப் போயிட்டாங்க, அவரு பசங்கதான் எனக்கு வயல் கொத்திப் போடறாங்க. இந்த முட்டிய வச்சுக்கிட்டு நானா கொத்துவேன்? எனக்கு வயசாச்சு எலுபி. பட்டினி கிடந்து பாத்தவ நான். இன்னொரு தடவை என்னால முடியாது."

"சரிம்மா" என்றாள் எலுபி. அவளுக்குக் கோபம் வரவில்லை. பட்டினிக்குப் பயப்படுகிறவளிடம் யார் கோபித்துக்கொள்ள முடியும்? வீட்டுக்கு வந்து, ஆண்டவரே, அந்த அம்மாவைச் சோதிக்காதேயும் என்றுதான் ஜெபித்தாள். தன் புருஷனுக்காக ஜெபிக்க அன்று அவளுக்கு வார்த்தை வரவில்லை.

விசாரணை நாளன்று சங்கத்தின் வண்டி ஊருக்கு வந்தது. எலுபியும் தலாந்திராவும் ஏறப் போனபோது முன் இருக்கையில் நாம்வாலே கோயிலுக்குக் கட்டும் சேலைத்துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குவாசா.

"குடும்பத்துச் சார்பா நான்தான் பேசுவேன்" என்றார் குவாசா. "இவ சும்மா துணைக்கு."

நாம்வாலே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோர்ட்டில் லேசனோடு சேர்த்து இன்னும் சிலர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எலுபி தன் புருஷனைத் தேடினாள். நரைத்துப்போய், தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்த ஒருவன் இருமியபோதுதான் அது அவன் என்று தெரிந்தது. தலாந்திரா தாயின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் வேறொருவனின் வழக்கு. அவனுக்காகப் பேச அவன் ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவன் எப்படிப்பட்டவன் என்று கேட்க நீதிபதிக்கு இப்போது அதிகாரம் இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை. கயிறு போய் ஆயுள் தண்டனை ஆயிற்று. அவன் நீதிபதிக்கு நன்றி சொல்லிவிட்டு மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தான். சட்டம் மேலே திருந்துகிறது. அது இறங்கி வந்து ஒரு மனிதனைத் தொட வேண்டுமானால், கீழே யாராவது ஒருவர் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது.

லேசனின் முறை வந்ததும் குவாசா கூண்டில் ஏறினார். "எங்க ரத்தம் இன்னும் ஆறல, ஐயா. அவங்க கொண்டுவந்த கூடைய எங்க குடும்பம் ஆத்துல வீசிடுச்சு."

அரசாங்க வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். எலுபி கண்ணை மூடிக்கொண்டாள். மடாலோ எழுந்து, செத்தவரின் தாயும் வந்திருக்கிறார் என்று தங்கள் வக்கீலின் காதில் சொன்னாள்.

வக்கீல் கூப்பிட்டதும் நாம்வாலே முட்டியைப் பிடித்துக்கொண்டு கூண்டில் ஏறினாள்.

"என் அண்ணன் பொய் சொல்லல, ஐயா. நான் அவர்கிட்டச் சொன்ன பொய்ய நிஜம்னு நம்பிச் சொல்றாரு" என்றாள். "கூடைய நான் ஆத்துல போடல. அந்தக் கோழிய அறுத்தேன்."

"தங்கச்சி!" என்றார் குவாசா.

"இருங்கண்ணே. இத்தன வருஷம் நீங்க பேசினீங்க." அவள் நீதிபதியின் பக்கம் திரும்பினாள். "மகனப் பொதைச்ச மறுநாள், ஐயா. மாவையும் கிளறி, கோழியையும் வேகவச்சு, கதவச் சாத்திக்கிட்டு, நானும் செத்த என் மூத்த மகளோட பிள்ளைங்களும் தின்னோம். எலும்பப் பொதைச்சுட்டேன்."

"பசிக்காகவா அம்மா?" நீதிபதி மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திராமல் ஊர்ப் பேச்சிலேயே கேட்டார்.

"முதல்ல பசிக்காகத்தான். கழுத்துல கத்திய வைக்கும்போது நினைச்சேன், இத அறுத்தா அந்தப் பொண்ணு மேல பகை வச்சுக்க முடியாதேன்னு. பகையும் வேணும் கோழியும் வேணும்னா எப்படி ஐயா? பிள்ளைங்களப் பாத்தேன். அறுத்துட்டேன். அவங்க வீட்டுலயும் அதுதான் கடைசிக் கோழின்னு எனக்குத் தெரியும். அவ பிள்ளையும் அன்னைக்குப் பட்டினிதான்."

நீதிபதி பழைய தீர்ப்புக் காகிதத்தைப் புரட்டினார்.

"இவர் அன்னைக்குப் பெப்பானி சொன்னதா எழுதியிருக்கு. எந்தப் பெப்பானி அது?"

"நீங்க இந்த வாசல்ல கல்லு தடுக்கி விழுந்தீங்கன்னா நான் பெப்பானி சொல்வேன். கல்ல நானா வச்சேன்?" பின்னால் சிலர் சிரித்துவிட்டார்கள். கிழவி சிரிக்கவில்லை. "அவன் சொன்னதுல ஐயோ பாவங்கிறது எவ்வளவு, மன்னிச்சுடுங்கிறது எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது, ஐயா. பிரிச்சு எடுக்க நான் ஆண்டவர் இல்ல. ரெண்டும் இருந்துச்சு. எனக்கு அது போதும்."

இந்த முறை மொழிபெயர்ப்பாளர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

இதுவரை சிறையில் இருந்த காலமே தண்டனையாகப் போதும் என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அவர் குரல் சந்தோஷமாக இல்லை. போன வருஷங்களைத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

வெளியே வேப்பமரத்தடியில் லேசன் நாம்வாலேயின் முன் குந்தி உட்கார்ந்து, பெரியவர்களுக்குச் செய்வதுபோல் கைகளைக் குவித்து மெல்லத் தட்டினான். பேச வந்தவனை இருமல் விடவில்லை. குனிந்து, முதுகு குலுங்க இருமினான்.

"பெப்பானி" என்றாள் நாம்வாலே.

குவாசா வண்டியில் ஏறவில்லை. "மகன் ரத்தத்த ஒரு கோழிக்கு வித்தவகூட நான் உக்கார மாட்டேன். இனி என் பசங்க உன் வயல்ல கால் வைக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு பஸ் நிலையம் பக்கம் நடந்தார்.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. ஊரில் பெண்கள் நாம்வாலேயைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். கோயிலில் அவள் உட்காரும் பெஞ்சில் இடம் காலியாகவே இருந்தது. "கொக்கரக்கோ" என்று அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ கூவினார்கள். அவள் காது கேளாதவள்போல் நடந்து போனாள்.

லேசன் வீட்டுக்கு வந்தானே ஒழிய, வீட்டில் இருந்தான் என்று சொல்ல முடியாது. கதவுத் தாழ்ப்பாளை எலுபி போட்டால் திடுக்கிடுவான். சிறைக்கு வரும் சங்கத்துப் பெண்களைக் கூப்பிடுவதுபோல் தலாந்திராவை 'மிஸ்' என்று கூப்பிட்டான், பிறகு வெட்கப்பட்டான். மண்வெட்டியை எடுத்து வயலுக்குப் போன அன்று நாலு கொத்துக் கொத்தியதும் வாயில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சு மாத்திரை கொடுத்து, வெயிலில் உட்காரச் சொன்னார்கள்.

மழை வரும் காலம் நெருங்கியது. மலைக்குப் பின்னால் மேகம் திரண்டு கலைந்துகொண்டிருந்தது. எல்லோருடைய வயலிலும் விதைக்க மண்ணை வரிசை வரிசையாக மேடேற்றிப் பார் கட்டியாயிற்று. நாம்வாலேயின் வயல் மட்டும் போன வருஷத்துத் தட்டை நிற்க, இறுகிக் கிடந்தது. கிழவி ஒரு நாள் பூரா உட்கார்ந்து உட்கார்ந்து கொத்தி ஒரு பாரைக்கூட முடிக்காமல் திரும்பியதை எலுபி தண்ணீர்க் குழாயடியிலிருந்து பார்த்தாள்.

போய் நேரே கொத்திக் கொடுத்தால் என்ன என்று நினைத்தாள். கொடுக்கலாம். கூலி வாங்கிக்கொண்டுதான் சாட்சி சொன்னாள் என்று குவாசா மறுநாளே சாராயக்கடையில் சொல்லிவிடுவார். அந்தக் கிழவிக்கு மிஞ்சியிருப்பது அவள் சொன்ன உண்மை ஒன்றுதான். அதிலும் கறை பட வேண்டுமா?

ஊர் விழிக்குமுன் எலுபி எழுந்து போனாள். தட்டையைப் பிடுங்கி அடுக்கினாள். இறுகிய மண்ணைப் புரட்டிப் பாரில் ஏற்றினாள். குடிசைகளில் முதல் புகை கிளம்பியதும் திரும்பினாள். மறுநாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள்.

குழாயடியில் நாம்வாலே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: "என் அண்ணன் பசங்கதான்! அப்பனுக்குத் தெரியாம வந்து கொத்திட்டுப் போறாங்க. சொன்னா வெட்கப்படுவாங்கன்னு நானும் கேக்கல. என்ன இருந்தாலும் ரத்தம் இல்லையா?"

"ஆமாம்மா, ரத்தம்தான்" என்று எலுபி அவள் வாளியைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டாள்.

கடைசிப் பார் மிச்சமிருந்த அன்று காற்றில் மழை வாசனை. கைத்தோல் உரிந்த இடத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு எலுபி கொத்தினாள். கரையான் புற்று ஒன்று குறுக்கே வந்தது. அதையும் இடித்துப் பரப்பினாள். பார் நேராக, முழங்கால் உயரத்துக்கு, வயலின் ஓரம் வரை போய் முடிந்தது. நிமிர்ந்து நாலா பக்கமும் பார்த்தாள். பாதையில் ஒருவரும் இல்லை. நாம்வாலேயின் கதவு சாத்தியிருந்தது. புருஷன் குளிக்க வெந்நீர் வைக்க வேண்டும். மண்வெட்டியைப் புல்லில் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, புதர் மறைவாகப் போகும் சுற்றுப்பாதையில் இறங்கி நடந்தாள்.